சொல் விளக்கம்: கிளைகேஷன் – சர்க்கரைப் பிணைவு

முதலில் ஒரு ஐயத்தைத் தீர்த்துவிடலாம். 'கிளைகேஷன்' என்பதில் இருக்கும் கிளைக்கும் மரக்கிளைக்கும் எந்த உறவும் இல்லை. இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்றே இதன் வேர். குளுக்கோஸ், கிளைக்கோஜன், கிளிசரின் ஆகியவையும் அதே வேரிலிருந்து முளைத்தவைதான்.

பொருள் இதுதான்: நொதி (என்சைம்) எதுவும் தலையிடாமல், குளுக்கோஸ் போன்ற ஒரு சர்க்கரை மூலக்கூறு புரதத்தின் மீது தானாகவே போய் ஒட்டிக்கொள்ளுதல். 'நொதி எதுவும் தலையிடாமல்' என்பதுதான் இதில் உயிர்நாடி. ஏனெனில் உடல் தன் தேவைக்காக, நொதிகளைக் கொண்டு, குறித்த புரதத்தின் குறித்த இடத்தில் சர்க்கரையைச் சேர்க்கும் வேலையும் உண்டு. அது கிளைக்கோசைலேஷன், கட்டுப்பாடானது, உயிர்வாழ இன்றியமையாதது. ஏ, பி இரத்த வகைகளைப் பிரித்துக் காட்டும் சர்க்கரைகள்கூட அப்படி நொதிகள் பொருத்தியவையே. கிளைகேஷனுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. சர்க்கரையும் புரதமும் போதிய காலம் அருகருகே இருந்தால் போதும்.

ஆங்கிலத்திலும் இந்த இரண்டும் வெகுகாலம் குழம்பிக் கிடந்தன. 'நொதிசாராக் கிளைக்கோசைலேஷன்' என்றே எழுதிவந்தார்கள். 1980களில்தான் நொதியற்ற வினைக்குக் கிளைகேஷன் என்ற தனிப்பெயர் நிலைபெற்றது.

தமிழில் என்ன சொல்வது? ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜனேற்றம் என்ற வரிசையில் 'சர்க்கரையேற்றம்' என்பது உடனே நாவில் வரும். இலக்கணப்படி அதில் குற்றமில்லை. ஆனால் 'அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது' என்று நாம் சொல்வது இரத்தத்தில் அதன் அளவு கூடியதைத்தான். சர்க்கரையேற்றம் என்று படிக்கும் பத்தில் ஒன்பது பேர் அப்படியே புரிந்துகொள்வார்கள். சர்க்கரை அளவு இயல்பாக இருக்கும் உடலிலும் மெதுவாக நடந்துகொண்டேயிருக்கும் ஒரு வினைக்கு, இதைவிடத் திசைதிருப்பும் பெயர் வேண்டியதில்லை.

என் தேர்வு 'சர்க்கரைப் பிணைவு'. பிணைதல் தன்வினை, பிணைத்தல் பிறவினை. தானே நிகழும் கிளைகேஷனைப் பிணைவு என்றும், நொதி நிகழ்த்தும் கிளைக்கோசைலேஷனைச் சர்க்கரைப் பிணைப்பு என்றும் வைத்துக்கொண்டால், ஆங்கிலம் தனிச்சொல் தேடிப் பெற்ற வேறுபாட்டை நம் வினைச்சொல்லே தந்துவிடுகிறது. ('சர்க்கரை' வடமொழி ஆயிற்றே என்பாருக்கு: ஆம், பொடிக்கல்லைக் குறித்த சொல் அது. பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பிய மொழிகளுக்கும் அதுவே போய்ச் சேர்ந்தது. அதை மாற்றும் அவசியம் எனக்குத் தெரியவில்லை.)

இந்த வினையை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார். அவர் சோதனைக் குழாயில் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் சூடாக்கிப் பழுப்பு நிறம் வருவதைக் கண்டார். ரொட்டியின் மேற்புறம் சிவப்பதும் காபிக்கொட்டை வறுபடுகையில் மணப்பதும் பெரும்பாலும் இவ்வினையால்தான். உடலுக்குள் அடுப்பு இல்லை. அதனால் மணிக்கணக்கு ஆண்டுக்கணக்காகிறது. குளுக்கோஸ் முதலில் லைசின் போன்ற அமினோ அமிலத்தோடு தளர்வாகச் சேர்கிறது. இந்தக் கட்டத்தில் அது பிரிந்துபோகவும் முடியும். பிறகு மூலக்கூறின் அமைப்பு மாறி, ஓரளவு உறுதியான 'அமடோரி' விளைபொருள் ஆகிறது. நீரிழிவுக்காரர்கள் பார்க்கும் எச்பிஏ1சி சோதனை அளப்பது இந்த நிலையைத்தான்: ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் குளுக்கோஸ் பிணைந்திருக்கிறது என்பதை. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி அதில் பதிந்துவிடுகிறது. நீரிழிவாளர்களின் ஹீமோகுளோபினில் இந்த மாறுபாட்டை 1960களின் இறுதியில் கண்டறிந்தவர் ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரஹ்பர்.

அமடோரி பொருள் மேலும் மாறி அடுத்த கட்டத்தில் வருபவை, ஆங்கிலத்தில் 'ஏஜ்' (AGE, advanced glycation end-products) என்று சுருக்கிச் சொல்லப்படுகின்றன. அந்தச் சுருக்கத்துக்கே 'வயது' என்ற பொருள் அமைந்திருப்பது சிலேடை. 'முதிர் பிணைவுப் பொருள்கள்' என்றால், வினை முதிர்வதும் ஆள் முதிர்வதும் தமிழிலும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். வின்சென்ட் மோனியேவும் ஆன்டனி செராமியும் 1981இல், நீண்டகாலம் நிலைக்கும் புரதங்களில் இப்பொருள்கள் சேர்வது முதுமைக்கு ஒரு காரணமாகலாம் என்று முன்வைத்தனர்.

நீண்டகாலம் நிலைக்கும் புரதம் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஹீமோகுளோபின் சில மாதங்களில் புதிதாகிவிடும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தில் பாதி மாறவே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். மூட்டுக் குருத்தெலும்பில் அது நூறாண்டைத் தாண்டும் என்று கணித்திருக்கிறார்கள். கண்வில்லையின் நடுவிலுள்ள புரதம் பிறந்தபோது உருவானதே. இவற்றில் சேர்ந்தது அகலுவதில்லை. குளுக்கோசிபேன் போன்ற குறுக்குப் பிணைப்புகள் இரண்டு கொலாஜன் இழைகளைச் சேர்த்துக் கட்டிவிடுவதால் தமனிகள் விறைக்கின்றன, தோல் நெகிழ்ச்சி இழக்கிறது, கண்வில்லை பழுப்பேறுகிறது. இது போதாதென்று, முதிர் பொருள்கள் உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஓர் ஏற்பியைத் தூண்டி அழற்சியையும் வளர்க்கின்றன. முதுமைக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பல காரணங்களில் இதுவும் ஒன்று.

தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம். மிக உறுதியான சான்று இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்குத்தான் இருக்கிறது. முதல் வகை நீரிழிவாளர்களிடம் நடந்த, 1993இல் முடிவு வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் குறைந்தன. அவர்களின் தோல் கொலாஜனிலும் பிணைவுப் பொருள்கள் குறைவாகவே காணப்பட்டன. உணவுக்குப் பின் நடந்தால், தசைகள் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதால் இரத்தச் சர்க்கரையின் உச்சம் தணியும். புகையிலைப் புகையே இத்தகைய பொருள்களைச் சுமந்து வருவதால் அதை விடுவது நேரடிப் பயன். இனிப்புப் பானங்களைக் குறைப்பதும் அப்படியே; அவற்றிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை, சோதனைக் குழாயில் குளுக்கோஸைவிடப் பல மடங்கு வேகமாகப் பிணைகிறது.

சமையலைப் பொறுத்தவரை, வறுத்தல், பொரித்தல், சுடுதல் ஆகியவற்றில் இப்பொருள்கள் பெருகும். அவித்தலிலும் வேகவைத்தலிலும் குறைவு. எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரில் ஊறவைத்த இறைச்சியில் அமிலம் வினையை மந்தப்படுத்துகிறது. ஆனால் உணவிலிருப்பதில் சிறு பகுதியே உடலில் சேர்வதால், உடலுக்குள் உருவாவதைக் கவனிப்பதே முதன்மை.

மருந்துகளின் கதை ஏமாற்றமானது. பிணைவைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அமினோகுவானிடின் மனிதச் சோதனைகளில் பக்கவிளைவுகளால் தேங்கியது. குறுக்குப் பிணைப்பை அறுக்கும் என்ற அலாஜீப்ரியமும் சந்தைக்கு வரவில்லை. 'சர்க்கரைப் பிணைவை நீக்கும்' என்று விற்கப்படும் களிம்புகளை வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.