பக்கத்து வெளிச்சத்தில் மறைந்த சிவப்பு விண்மீன்

3,500 கெல்வினில் தகிக்கும் ஒன்றைக் ‘குளிர்ந்த விண்மீன்’ என்று சொல்ல வானியலாளர்களால்தான் முடியும். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின். அதோடு ஒப்பிட்டால் சரிதான். இப்படியொரு ‘எம்’ வகை விண்மீன் தனியாக இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. டைட்டானியம் ஆக்சைடு அதன் சிவப்பு ஒளியைப் பட்டை பட்டையாக விழுங்கியிருக்கும். பட்டையின் ஆழத்தைப் பார்த்து எம்2, எம்5 என்று உட்பிரிவைச் சொல்லிவிடலாம். ஜோடியாக இருக்கும்போதுதான் வம்பு.

டி கொரோனே போரியாலிஸ் அப்படியொரு ஜோடி. ஒரு சிவப்புப் பெருமீனும், எரிந்து முடிந்த விண்மீனின் சூடான மிச்சமான ஒரு வெண்குறுமீனும் ஏறத்தாழ 227 நாளுக்கு ஒரு சுற்று வருகின்றன. பெருமீனிடமிருந்து இழுத்த வாயு குறுமீனின் மேல் சேர்ந்து 1866இலும் 1946இலும் வெடித்தபோது, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இத்தகைய ஜோடிகளில் நீல ஒளியும் புற ஊதாவும் சூடான பக்கத்தின் ராஜ்ஜியம். குளிர்ந்தவருக்கோ ஒளி உச்சமடைவதே 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டித்தான். அதனால் அகச்சிவப்பில் அவர் கை ஓங்குகிறது.

அங்கே 2 முதல் 2.4 மைக்ரான் வரையுள்ள துண்டு ஒரு புதையல். நிறமாலையில், அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியில், ஒவ்வொரு பொருளும் தான் விழுங்கிய இடத்தில் கருங்கோடு போடும்: 2.21இல் சோடியம், 2.26இல் கால்சியம், 2.29இல் கார்பன் மோனாக்சைடு. கடைசியாகச் சொன்னதுதான் என் செல்லம். அந்த மூலக்கூறு அதிர்ந்துகொண்டே சுழல்கிறது; சுழற்சி வேகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஓரிடத்தில் கோடுகள் நெருக்கியடித்துக் குவிவதால், நிறமாலை சட்டென ஒரு படி கீழே விழும். அப்புறம் நீண்ட அலைநீளப் பக்கமாக மெல்ல ஏறும். பெருமீனின் வளிமண்டலம் அடர்த்தி குறைந்தது, ஒளி ஊடுருவுவதும் எளிது. நாம் ஆழமாகப் பார்க்கிறோம், வழியில் கார்பன் மோனாக்சைடும் நிறைய. எனவே படி ஆழமாகிறது. அதே வெப்பநிலையுள்ள சிறிய விண்மீனில் படி ஆழம் குறைவு, சோடியம் தூக்கல். வெப்பநிலையோடு உடல்வாகும் தெரிந்துவிடுகிறது.

ஆனால் துணையின் வெளிச்சம் இங்கேயும் முழுதாக ஒழிவதில்லை. 40 சதவீத ஆழமுள்ள ஒரு கோட்டின் மேல், விண்மீனின் ஒளிக்குச் சமமான ஒளியை வெற்றாகக் கொட்டினால் ஆழம் 20 ஆகிவிடும். அதை நம்பினால் வகை தப்பும். பக்கத்துக் கோடும் அதே அளவு பாதியாகியிருக்கும் அல்லவா? அதனால் ஆழத்தை விட்டுவிட்டு, இரண்டு கோடுகளின் விகிதத்தைப் பார்க்கிறார்கள். திரை போட்டாலும் விகிதம் அசையாது.

பூமியின் காற்றும் தன் பங்குக்குக் கோடு போடும். நீராவிதான் முதல் குற்றவாளி. அருகே ஏறக்குறைய வெறுமையான நிறமாலை கொண்ட, ‘ஏ0’ என்ற சூடான வகை விண்மீன் ஒன்றை வானில் அதே உயரத்தில் பார்த்து, அதன் நிறமாலையால் நம்முடையதை வகுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. எந்தக் கோடு யாருடையது என்ற சந்தேகத்தை டாப்ளர் விளைவு தீர்க்கும்: விண்மீன் நகர்ந்தால் அதன் கோடுகளின் அலைநீளமும் மாறும். நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் விலகினால், அவருடைய கோடுகள் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நகரும். கூடவே வருபவை அவருடையவை, எதிர்த்திசையில் போகிறவை துணையுடையவை.

2.345 மைக்ரானில் இன்னொரு சிறிய படி இருக்கிறது. கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் உள்ள கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுடையது. சூரியக் குடும்பத்தில் ஏறத்தாழ 90 கார்பன்-12 அணுக்களுக்கு ஒரு கார்பன்-13. பெருமீனில் அந்த எண் 30க்குக் கீழே இறங்குவது சாதாரணம். உள்ளே ஹைட்ரஜன் எரிந்தபோது உருவான சரக்கு மேலே கிளறி வந்திருக்கிறது. துணையின் வெளிச்சத்துக்கு நடுவே அந்தப் படி தெரிந்தால், அங்கே இருப்பது வயதான பெருமீன்.