பல்கலைக்கழகங்களை இணைக்கும் தென்னாப்பிரிக்கச் சட்டம்: மாணவருக்கு அதில் உள்ள உரிமை

தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அரசுப் பல்கலைக்கழகங்கள் இரண்டையோ பலவற்றையோ ஒன்றாக்கும் அதிகாரத்தைத் துறை அமைச்சருக்கு அளிக்கிறது. அவர் ஆலோசனை அமைப்பான உயர்கல்வி மன்றத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். தம் நோக்கத்தை உரிய நிறுவனங்களுக்கு எழுத்தில் தெரிவித்து, காரணங்களை நாளிதழில் வெளியிட்டு, கருத்துக் கூற 90 நாளேனும் அவகாசம் அளித்த பின்னரே அரசிதழ் அறிவிக்கை வழியாக இணைப்பைச் செய்யலாம்.

இந்த அதிகாரம் பெரிய அளவில் பயன்பட்டது காதர் அஸ்மால் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில்தான். நிறவெறி ஆட்சியின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையர், கறுப்பினத்தவர், கலப்பினத்தவர், இந்திய வம்சாவளியினர் என உயர்கல்வியைப் பிரித்து வைத்ததால், அடுத்தடுத்த வளாகங்களில்கூட ஒரே பாடம் இரண்டு நிர்வாகங்களின் கீழ் நடந்துவந்தது. 21 பல்கலைக்கழகங்களும் டெக்னிகான் எனப்பட்ட 15 தொழில்நுட்ப நிறுவனங்களுமாக இருந்த 36 நிறுவனங்கள், 2002 முதல் 2005 வரை நடந்த இணைப்புகளால் 23 ஆகக் குறைந்தன.

டர்பனில் இந்தியருக்கென அமைந்த எம்.எல். சுல்தான் டெக்னிகானும் அதன் அண்டையிலிருந்த நேட்டால் டெக்னிகானும் 2002இல் ஒன்றாயின. தமிழ் வம்சாவளியினர் பலர் பயின்ற டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம், 2004 ஜனவரி 1 அன்று நேட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகமானது. ஒரே நகரத்துக்குள் நடந்த இத்தகைய இணைப்புகளில், முன்பு வேறோர் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த நூலகமும் ஆய்வகமும் எல்லா மாணவருக்கும் உரியவையாயின என்பதை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன். ஆயினும் கறுப்பின மாணவருக்கென ஏற்பட்ட நிறுவனங்களில் கட்டணம் பொதுவாகக் குறைவாக இருந்ததால், கட்டணத்தை ஒரே அளவாக்கும்போது சுமை ஏழைக் குடும்பங்களின் மேல் விழக்கூடும். ஒரு துறை வேறு வளாகத்துக்கு மாறினால் பேருந்துச் செலவும் விடுதிச் செலவும் அவர்களுக்கே கூடும்.

தொலைவு மிகுந்த ஓர் இணைப்பு நிலைக்கவேயில்லை. கறுப்பின மருத்துவர்களை உருவாக்கிய, பிரிட்டோரியாவுக்கு அருகிலுள்ள மெடுன்சா என்ற மருத்துவப் பல்கலைக்கழகம், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த வடக்குப் பல்கலைக்கழகத்தோடு 2005இல் சேர்க்கப்பட்டு லிம்போப்போ பல்கலைக்கழகமானது. பத்தாண்டுகளுக்குள் மெடுன்சா வளாகம் மீண்டும் பிரிக்கப்பட்டு, 2015 முதல் செஃபாக்கோ மக்காதோ நலவியல் பல்கலைக்கழகமாகத் தனித்து இயங்குகிறது. இடைப்பட்ட காலத்தில் படித்தவர்களுக்கு அந்த ஆண்டுகள் திரும்பக் கிடைக்கப்போவதில்லை என்பதாலேயே முன்கூட்டிக் கேட்பது இன்றியமையாதது.

அந்த 90 நாள் அவகாசம் நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. அக்கறையுள்ள எவரும் அதில் முறையிடலாம் என்பதால் மாணவருக்கும் பெற்றோருக்கும் அந்த உரிமை உண்டு. சேர்ந்தபோது இருந்த பாடத்திட்டத்திலேயே படித்து முடிக்க முடியுமா, பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் இடம்பெறும், கட்டணம் எந்த ஆண்டிலிருந்து மாறும், வகுப்பு எந்த வளாகத்தில் நடக்கும் ஆகிய கேள்விகளை, அரசிதழ் அறிவிக்கை வெளிவரும் முன்பே எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்திலேயே கோர வேண்டும்.