கெண்டி: பிடியில்லாத மூக்குக் கலம்

சிங்கப்பூர் அரும்பொருளகங்களில் பழைய பீங்கான் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கலம் கண்ணில் பட்டிருக்கும். உருண்டை வயிறு, நீண்ட கழுத்து, தோளிலிருந்து பக்கவாட்டில் புடைத்து நிற்கும் மூக்கு. பிடி கிடையாது. மலாய்மொழியில் இதன் பெயர் கெண்டி. அதனால் இது மலாய்ச் சொல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். தமிழில் எழுத வரும்போது 'கூஜா' என்றோ 'தேநீர்க் குடுவை' என்றோ மாற்றத் தோன்றும். அப்படி மாற்றத் தேவையே இல்லை. கெண்டி தமிழிலும் உள்ள சொல்தான். மூக்குள்ள நீர்க்கலம் என்பதே பொருள். மலையாளத்தில் இதே சொல் கிண்டி. கேரள வீட்டு வாசலில் கைகால் கழுவ வைத்திருக்கும் வெண்கலக் கலம் அது.

மூலம் வடமொழிக் குண்டிகா. தமிழில் அது குண்டிகை ஆனது; துறவியர் கையிலிருக்கும் கமண்டலத்தைக் குறிக்கும். பௌத்தத் துறவிகளோடு இச்சொல் சீனம் போய் 'ஜுன்ச்சி' என்று ஒலி மாறியது. 671இல் கடல்வழியே புறப்பட்டு ஸ்ரீவிஜயத்தில் தங்கிய சீனத் துறவி யீஜிங், துறவிகள் இரண்டு நீர்க்கலங்கள் வைத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறார்: குடிநீருக்கு மண் அல்லது பீங்கான், கழுவிக்கொள்ளச் செம்பு அல்லது இரும்பு.

ஆனால் பெயரின் மூலம் ஒன்றாக இருந்தாலும் துறவியின் குண்டிகையும் கெண்டியும் வேலை செய்யும் விதம் நேர் எதிர். குண்டிகையில் பக்கத்துச் சிறுவாய் வழியே நீரை நிரப்பி, உச்சியிலுள்ள மெல்லிய குழாய் வழியே ஊற்ற வேண்டும். கெண்டியில் கழுத்து வழியே நிரப்பி மூக்கு வழியே ஊற்றுகிறோம். ஒரு கலத்துக்குப் பெயரெழுதும் முன் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிடி இல்லாததால் கழுத்தைப் பற்றித்தான் கெண்டியைத் தூக்க வேண்டும். நீர் மூக்கின் நுனி மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும். அதற்கு மேல் ஊற்றினால் கழுத்து நிறையுமுன் மூக்கு வழியே வழிந்துவிடும். சாய்க்கும்போது மூக்கில் நீர் போக, கழுத்து வழியே காற்று உள்ளே வருகிறது. அதனால்தான் தாரை தடையின்றி விழுகிறது. கழுத்து வாயை உள்ளங்கையால் இறுக மூடிப் பாருங்கள், சற்றுச் சொட்டிவிட்டு நின்றுவிடும். தேநீர்க் குடுவையின் மூடியில் சிறு துளை இருப்பதும் இதே காரணத்துக்குத்தான். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான கலம் இல்லை. பலர் பகிர்ந்து குடித்தாலும் எச்சில் ஒட்டாது.

பழுது பெரும்பாலும் மூக்கில்தான் வரும். மூக்கைத் தனியே செய்து, தோளில் துளையிட்டு, குழைத்த களிமண்ணால் ஒட்டுவார்கள். இரண்டு பாகங்களின் ஈரமும் ஒத்திராவிட்டால் காயும்போது வெவ்வேறு அளவில் சுருங்கி ஒட்டில் விரிசல் விடும். பழைய கெண்டிகள் சிலவற்றின் மூக்கில் உலோகப் பூண் இருப்பது, உடைந்த நுனியை மறைக்கப் போட்டதாக இருக்கலாம். மெருகிடாத மண் கெண்டியில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிரும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் அந்தக் குளிர்ச்சி குறைவு. மெருகிட்ட பீங்கானிலோ அது அறவே இராது.

தூய தமிழ்ச்சொல் வேண்டுவோர் 'கரகம்' என்பார்கள். கலித்தொகையில் உறியில் தொங்கும் கரகம் வருகிறது. மணிமேகலைப் பதிகத்தில் அகத்தியர் கவிழ்த்ததும் கரகமே. பழமையும் அழகும் உள்ள சொல், ஐயமில்லை. ஆனால் அந்த அடிகளில் மூக்கின் அடையாளம் இல்லை. தவிர, இன்று கரகம் என்றால் தலையில் வைத்து ஆடும் குடம்தான் நினைவுக்கு வரும். கமண்டலத்துக்குப் பிடி உண்டு, துறவின் சாயலும் உண்டு. கூஜாவோ மூடி போட்ட பயணச் செம்பு, பாரசீகச் சொல்லும்கூட.

ஆகவே கெண்டி என்றே எழுதலாம். விளக்கம் தேவைப்படும் இடத்தில் 'மூக்குக் கெண்டி' போதும். சீனத்தில் மிங் காலத்து வான்லி பேரரசர் ஆட்சியில் (1572–1620) யானை, தவளை உருவங்களில் இவற்றைச் செய்தார்கள். அவற்றை யானைக் கெண்டி, தவளைக் கெண்டி என்று சொன்னாலே தமிழருக்குப் புரியும்.