சிங்க்: வேகம் மட்டும் போதாது, எடுப்பும் வேண்டும்

"டிரம்ஸ் சிங்க் ஆகலை" என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் யாராவது சொன்னால் எல்லோருக்கும் புரியும். எழுத்தில்தான் தொல்லை. பாத்திரம் கழுவும் சிங்க்கும் இதுவும் தமிழில் ஒரே எழுத்து.

சின்க்ரனைஸ் என்பதன் சுருக்கம் இது. கிரேக்கத்தில் 'சின்' என்றால் சேர்ந்து, 'குரோனோஸ்' என்றால் காலம். பேசும்படம் வந்து, உதடும் குரலும் சேர வேண்டுமே என்ற கவலை பிறந்த காலத்தில் இந்தச் சுருக்க வடிவம் புழக்கத்துக்கு வந்தது.

டிரம் வாசிக்கும் துணை மென்பொருளான டிரம் பிளகின் ஒன்றை, அதைத் தனக்குள் வைத்து ஓட்டும் கியூபேஸ் போன்ற இசைப்பதிவு மென்பொருளில், அதாவது ஹோஸ்ட்டில், திறக்கிறீர்கள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 அடி, டிரம் தன் போக்கில் 101. முதல் சில அடிகளில் காதுக்குத் தெரியாது. அரை நிமிடத்தில் பாட்டு 50 அடி போயிருக்கும், டிரம் 50.5. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) இப்போது இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் விழும். சரி, டிரம்மையும் 100 ஆக்கிவிட்டால்? பாட்டை மூன்றாம் அடியிலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள். டிரம் தன் முதல் அடியிலிருந்துதான் ஆரம்பிக்கும். வேகம் ஒன்றுதான், இடம் வேறு.

மின்னணு இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983இல் வந்த பொதுமுறையான மிடி, வேகம், இடம் இந்த இரண்டையும் தனித்தனிச் செய்தியாகவே வைத்தது. குவார்ட்டர் நோட் (பெரும்பாலும் ஓர் அடி) ஒன்றுக்கு 24 துடிப்பு அனுப்பி வேகத்தைச் சொல்வது கிளாக். பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை, ஆறு துடிப்புக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்வது சாங் பொசிஷன் பாயிண்டர். பிளகினுக்கு இந்த எண்ணும் வேலைகூட இல்லை. வேகம் என்ன, எத்தனையாவது அடி, ஓடுகிறதா நிற்கிறதா என்று கேட்டால் ஹோஸ்ட்டே சொல்லிவிடும். 'ஹோஸ்ட் சிங்க்' பொத்தானை அழுத்தினால், டிரம் தன் கடிகாரத்தை விட்டுவிட்டு அந்தப் பதிலைப் பின்பற்றுகிறது.

தமிழில்? கைபேசியில் 'ஒத்திசைவு' என்று பார்த்திருப்பீர்கள். தொடர்பு எண்களுக்கும் கோப்புகளுக்கும் அது போதும். இசைக்கு வரும்போது எனக்கு நெருடுகிறது. இசைவு என்றதும் மனம் சுருதிப் பக்கம் போய்விடுகிறது. நாகஸ்வரத்தோடு சுருதிக்காக ஊதும் குழலுக்கே 'ஒத்து' என்றுதானே பெயர்!

நம் கச்சேரி மேடையில் இதற்கு ஏற்கெனவே இரண்டு சொல் உண்டு. வேகத்துக்குக் காலப்பிரமாணம், தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கு எடுப்பு. பாடகர் அரை இடம் தள்ளி எடுத்தால், காலப்பிரமாணம் பிசகாமல் வாசிக்கிற மிருதங்கக்காரரும் எடுப்பைக் கவனிக்காவிட்டால் மாட்டிக்கொள்வார். டிரம் பிளகின் மாட்டுவதும் அதே இடத்தில்தான். அதனால் பெயராக வேண்டுமென்றால் 'தாள ஒத்திசைவு', வினையாக வேண்டுமென்றால் சுருதி சேர்ப்பதுபோல 'தாளம் சேர்த்தல்' என்பேன்.

ஹோஸ்ட்டைச் சிலர் 'புரவலன்' என்கிறார்கள். வேகத்தையும் இடத்தையும் கேட்டு வாசலில் நிற்கும் பாணனாக டிரம் கண்முன் வருகிறது. படம் பொருத்தம்தான். ஆனால் "புரவலன் ஹேங் ஆயிடுச்சு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.