பாலிமர் எல்லாம் நெகிழி அல்ல

போன மாதம் இங்கே மொரிசியஸில், ரெதுயியில் ஒரு பாலிமர் ஆராய்ச்சி மாநாடு நடந்தது. என் அக்கா மகன் அதில் போஸ்டர் வைத்திருந்தான். கரும்புச் சக்கையிலிருந்து செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைப் பிரிப்பதுதான் அவன் வேலை. தமிழ் அறிவிப்பு ஒன்றில் அதை 'நெகிழி ஆராய்ச்சி மாநாடு' என்று வாசித்தார்கள். அக்கா உடனே எங்கள் தீவுப் பேச்சான கிரியோலில் ஆரம்பித்துவிட்டாள்: கடையில் பையே தருவதில்லை, இவன் எதற்குப் பிளாஸ்டிக் செய்யப் போனான்? பையன் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, நான் கரும்புச் சக்கையை வேகவச்சிக்கிட்டு இருக்கேன். அதைப் போய்ப் பிளாஸ்டிக்னு சொல்றாங்களே!"

அக்காமேல் தப்பில்லை. மொரிசியஸில் 2016 ஜனவரியிலேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துவிட்டது. நெகிழி என்று காதில் விழுந்தால் அந்தப் பைதானே நினைவுக்கு வரும்? பாலிமரை நெகிழி ஆக்குவதைக் கேட்பது எனக்கு இது முதல் தடவை இல்லை, நாலாவதோ ஐந்தாவதோ. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாலிமர் என்ற சொல்லின் வேரைச் சட்டென்று பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'பாலி' என்றால் பல, 'மெரோஸ்' என்றால் பகுதி. 1833இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் இந்தச் சொல்லை உண்டாக்கினார், ஆனால் அவர் நினைத்த பொருள் வேறு. சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த நெடிய மூலக்கூறு என்ற இன்றைய கருத்தை 1920இல் முன்வைத்தவர் ஜெர்மனியின் ஸ்டாடிங்கர். அவ்வளவு நீளமான மூலக்கூறு இருக்கவே முடியாது என்று கூடவே இருந்தவர்கள் மறுத்தார்கள். 1953இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

இனி நெகிழிக்கு வருவோம். நெகிழ்வது, குழைவது, சொன்ன வடிவுக்கு வருவது நெகிழி. பிளாஸ்டிக்குக்கு நல்ல சொல்தான், குறையில்லை. ஆனால் பருத்தி நூலைச் சூடாக்கிப் பாருங்கள், உருகாது, கருகும். அதுவும் பாலிமர்தான். பட்டு, மரம், நம் தலைமயிர், உடம்பிலுள்ள டிஎன்ஏ எல்லாமே பாலிமர். இதில் எது நெகிழி? பிளாஸ்டிக்கிலேயே, பழைய சுவிட்சுகளில் வரும் பேக்கலைட் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி இளகாது. நெகிழிகள் பாலிமரில் ஒரு கிளை. கிளையின் பெயரை மரத்துக்கு வைப்பானேன்?

சரி, வேறு என்ன சொல் வைப்பது? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'பலபடி' என்கின்றன. எனக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. "பலபடியாகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை" என்று நாம் பேசுகிறோம். அங்கே பலபடி என்பது பலவிதம். போதாததற்குக் கணக்கு வாத்தியார் 'இருபடிச் சமன்பாடு' என்று ஏற்கெனவே கரும்பலகையில் எழுதிவிட்டார். இரண்டு அலகு சேர்ந்த மூலக்கூறையும் 'இருபடி' என்றால், காலையில் கணக்கிலும் மதியம் வேதியியலிலும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் படிக்கிற பிள்ளை என்ன ஆகும்? படி என்றால் மாடிப்படி, அரிசி அளக்கும் படி, கைப்படி. பகுதி என்ற பொருள் மட்டும் அதில் எனக்குத் தட்டுப்படவில்லை.

'பல்லுறுப்பி' என்பாரும் உண்டு. உறுப்பு என்பது மெரோஸுக்குப் பக்கத்தில் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கும் கணக்கு வாத்தியார் முந்திக்கொண்டார். அவரிடம் பல்லுறுப்புக்கோவை இருக்கிறதே!

இலங்கையில் 'பல்பகுதியம்' என்கிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான். மெரோஸ் என்றால் பகுதி, நேராக வருகிறது. ஓரலகு ஒருபகுதியம், ஈரலகு இருபகுதியம். ஒரே அணுக்கள் வேறு விதமாகக் கோத்த ஐசோமருக்கும் அவர்கள் 'சமபகுதியம்' என்றே வைத்திருப்பதால், அந்தச் சொல்லுக்கும் இதற்கும் ஒரே வேர் என்பது பார்த்ததுமே தெரிகிறது. தமிழ்நாட்டில் அதை 'மாற்றியம்' ஆக்கி உறவை அறுத்துவிட்டார்கள். 'பல்' என்றதும் பல் டாக்டர் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் கேலி செய்தார். பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் படித்தவர் அவர், அப்போது பல் கூசவில்லையாம். இலக்கணத்தில் 'பகுதி, விகுதி' என்று வரும் பகுதி வடமொழிப் பிரகிருதியின் திரிபு என்பார்கள். இது அது இல்லை, பகு என்ற வினையில் பிறந்த தமிழ்ப் பகுதி.

நம் மொரிசியஸ் 25 ரூபாய்த் தாளை எடுத்துக் கசக்கிப் பாருங்கள், காகிதம்போல மடங்கிக் கிடக்காமல் நிமிரப் பார்க்கும். 2013இல் 25, 50, 500 ரூபாய்த் தாள்கள் பாலிமருக்கு மாறின. பாலிபுரோப்பிலீன் படலம் அது. அதை நெகிழித் தாள் என்றால்கூடச் சண்டைக்கு வரமாட்டேன், ஏனென்றால் அது பாலிமர், நெகிழி இரண்டும்தான். நம் பணத்தாளில் தமிழ் எந்த வரியில் வரவேண்டும் என்று 1998இல் எவ்வளவு பெரிய தகராறு! அச்சடித்த தாள்களையே திரும்பப் பெற்றார்கள். வரிசைக்குக் காட்டிய ரோஷத்தில் கால்வாசி சொல்லுக்குக் காட்டக் கூடாதா?

மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். எந்தப் பொருளைப் பற்றிப் பேச்சு என்று மாநாட்டுக்காரர்களிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். தெரியாவிட்டால் 'பாலிமர்' என்றே விட்டிருக்கலாம், அக்காவும் சும்மா இருந்திருப்பாள்.

இதையெல்லாம் அறிவிப்புக்காரர்களுக்கு எழுதினேன். இரண்டாம் நாள் செய்தியில் திருத்தம் வந்தது: 'பிளாஸ்டிக் ஆராய்ச்சி மாநாடு.'