மசாய் ஈட்டியின் வயதைக் கைப்பிடி சொல்லும்

கென்யாவுக்குப் போய் வந்த வாசகர் ஒருவர் ஈட்டியின் படம் அனுப்பியிருக்கிறார். “நூறு வருஷத்து மசாய் ஈட்டி என்று சொல்லி விற்றார்கள், நம்பலாமா?” என்று கேட்கிறார். மசாய் என்பவர்கள் கென்யாவிலும் தான்சானியாவிலும் மாடு மேய்த்து வாழும் மக்கள். ஈட்டியின் இரும்பு அலகின் அடியில் மரை, அதாவது திருகிப் பூட்டும் புரி, தெரிகிறது. திருகினால் மூன்று துண்டாகக் கழன்று பெட்டிக்குள் அடங்கிவிடும். சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்தது அது. மாடு காக்கவும் சிங்கத்தை எதிர்க்கவும் செய்த பழைய ஈட்டிகளில், இரும்பின் குழல் போன்ற வாயில் மரத்தை இறுக்கிச் செருகியிருப்பார்கள்.

சரி, மரை இல்லாத ஈட்டி ஒன்று கையில் கிடைத்தால்?

முதலில் வடிவம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அலகு குட்டையாகவும் இலை போல அகலமாகவும் இருந்தது, மரக்காம்பு நீளம். கடற்கரையிலிருந்து வந்த வணிகக் கூட்டங்கள் இரும்புக் கம்பியைச் சுருள் சுருளாகக் கொண்டுவர, கொல்லர்களுக்கு இரும்புத் தட்டுப்பாடு குறைந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் அலகு நீண்டு ஒடுங்கியது. மரம் கைப்பிடி அளவுக்குச் சுருங்கி, கீழே நீண்ட இரும்பு முனை வந்தது. இன்று நமக்குப் பழகிய உருவம் இதுதான். இதை இன்றைக்கும் ஒருவர் அடித்துவிட முடியும் என்பதால் வடிவத்தை மட்டும் நம்ப முடியாது.

அடுத்து இரும்பு. கரி உலையில் உருக்காமல் எடுத்த பழைய இரும்பில் கசடு இழை இழையாக மாட்டிக்கொண்டிருக்கும். துரு பிடித்த இடத்தில் அது பனை நார் போலப் பிரியும். ஆலை எஃகு அப்படிப் பிரியாது. லாரியின் வில் பட்டையை அடித்துச் செய்த அலகானால், எக்ஸ் கதிர் பாய்ச்சும் கைக்கருவி மாங்கனீசையும் பல சமயம் குரோமியத்தையும் காட்டிக்கொடுக்கும்.

உயிர்கள் காற்றிலிருந்து பெறும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், அவை இறந்தபின் மெல்லக் குறையும்; மிஞ்சிய அளவை வைத்து வயது கணிப்பார்கள். இரும்பிலும் கார்பன் இருக்கிறதே, இந்த முறையில் வயது பார்க்கலாமே என்று தோன்றும். மரக்கரியில் எடுத்த இரும்பென்றால் செய்யலாம். நிலக்கரியில் உருவான எஃகென்றால், கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த கார்பனில் கார்பன்-14 துளியும் மிஞ்சியிருக்காது. போன மாதம் அடித்த ஈட்டிக்கு நாற்பதாயிரம் வயதுக்கு மேல் என்று பதில் வரும்!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கைப்பிடி மரத்தில் இருக்கிறது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14ஐக் கொட்டின. 1963 வாக்கில் வட அரைக்கோளக் காற்றில் அதன் அளவு கிட்டத்தட்ட இருமடங்கானது. பூமத்திய ரேகைப் பக்கம் ஏற்றம் சற்றுக் குறைவு. அந்த ஆண்டு வெட்டவெளிச் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தது. அப்புறம் கடலும் செடிகொடிகளும் உறிஞ்ச உறிஞ்ச, அளவு மெல்ல இறங்கியது. அந்தக் காலத்தில் வளர்ந்த ஒவ்வொரு மரமும் அந்தந்த ஆண்டின் காற்றைத் தன் உடம்பில் எழுதி வைத்திருக்கிறது. கென்யப் புல்வெளியில் நின்ற ஒரு சிறு மரத்தின் கிளையும்தான்.

சில மில்லிகிராம் மரத்தூள் போதும். கார்பன்-14 மிகையாக இருந்தால் அந்த மரம் 1950களின் நடுப்பகுதிக்குப் பிறகும் உயிரோடு இருந்தது என்று அடித்துச் சொல்லலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அளவு வருமே, எந்த ஆண்டென்று எப்படித் தெரியும்? கிளையின் நடுவில் ஒரு சிட்டிகை, விளிம்பில் ஒரு சிட்டிகை எடுத்துப் பார்க்க வேண்டும். விளிம்புதான் இளையது. அங்கே அளவு கூடினால் ஏறுமுகம், குறைந்தால் இறங்குமுகம். எத்தனை அழகான வழி!

மிகை இல்லையென்றால் மரம் பெரும்பாலும் குண்டுக்கு முந்தையது; காற்றில் மிகை கிட்டத்தட்ட தீர்ந்துவிட்ட அண்மை ஆண்டுகளில் வளர்ந்த மரமாக இருந்தால் மட்டும் விலக்கு. அதற்குமேல் துல்லியம் கிடைக்காது. 1650 முதல் 1950 வரை கார்பன்-14 கணக்கு ஏறி இறங்கிக் குழம்புவதால் 1880ஐயும் 1920ஐயும் பிரிக்க முடியாது. கைப்பிடி உடைந்தால் மாற்றுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய அலகில் புது மரம் இருக்கலாம்.

இன்னொரு சிக்கல் கொழுப்பு. மசாய் மக்களிடையே ஈட்டி அடிப்பவர்கள் இல்குனோனோ என்ற கொல்லர் பிரிவினர். அவர்களோடு மற்றவர்கள் பெண் கொடுத்து எடுக்காத வழக்கம் இருந்தது. கொல்லர் தொட்ட ஆயுதத்தை வாங்குமுன் கையில் கொழுப்பைத் தடவிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது, தீட்டாம். ஈட்டியை உயிராக மதித்துவிட்டு, அதை அடித்த கையை ஒதுக்கிய மூடநம்பிக்கை இது. எனக்குக் கோபம்தான் வருகிறது. அருங்காட்சியக ஈட்டிகளில் எத்தனை எத்தனையோ, அடித்தவர் பெயர் இல்லாமலே கிடக்கின்றன.

துருப்பிடிக்காமலிருக்கவும் கொழுப்பு பூசுவார்கள். 1970இல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு 1900இன் மரத்தில் ஊறினால், பழைய மரத்திலும் குண்டுக் கார்பன் தெரியும். அதனால் ஆய்வகத்தில் முதலில் கரைப்பானால் கொழுப்பை நீக்குவார்கள். அடுத்து அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவி, மரத்தின் செல்லுலோஸை மட்டும் எடுத்து அளப்பார்கள்.

இதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்டால், ‘ஒரு ஈட்டிக்கா?’ என்பார்கள். சேகரித்த ஆண்டு உறுதியாகத் தெரிந்த அருங்காட்சியக ஈட்டிகளை எக்ஸ் கதிர்க் கருவியால் வரிசையாக அளந்து அட்டவணை போட்டு வைத்தாலே, சந்தையில் வரும் ஈட்டியை ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும். செலவும் பெரிதில்லை.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: மரை இல்லாத ஈட்டி எப்போதாவது கிடைத்தால், பளபளப்புக்காகக் கைப்பிடியில் எண்ணெய் தடவாதீர்கள். உப்புத்தாள் போட்டும் தேய்க்காதீர்கள்.