பெயர் ஒட்டாத டப்பாவைத் தூக்கிப்போடாதீர்கள்

போன வாரமும் ஒரு போன். தாத்தா சின்ன ஊர் தியேட்டரில் ஆபரேட்டராம். வீட்டைக் காலி செய்தபோது பரணில் நான்கு படச்சுருள் டப்பாக்கள் கிடைத்திருக்கின்றன. பெயர் ஒட்டியிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் குப்பையில் போட்டுவிட்டாராம் பேரன். அவர் வைத்துக்கொண்டது செய்திப்படம். எங்கள் கிடங்கிலேயே இரண்டு பிரதிகள் இருக்கின்றன. இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள்.

அமெரிக்க ஊமைப்படங்களைப் பாதுகாப்பது என் வேலை. ‘தொலைந்த படம்’ என்றால் எரிந்து சாம்பலான படம் என்றே பலரும் நினைக்கிறார்கள். எரிந்ததும் உண்டுதான், 1937இல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் படக் கிடங்கே போயிற்று. ஆனால் தொலைந்தது என்று நாங்கள் எழுதி வைப்பதற்கு, பிரதி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்பதற்குமேல் அர்த்தம் கிடையாது.

‘மெர்ட்டன் ஆஃப் த மூவீஸ்’ அப்படி ஒன்று. காஃப்மனும் கானெலியும் எழுதி 1922இல் நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில் மேடையேறிய நாடகம், 1924இல் ஜேம்ஸ் குரூஸ் இயக்கத்தில் பாரமவுண்ட் படமானது. பெரிய நடிகனாகும் கனவோடு ஹாலிவுட் போகிறான் ஒரு கடைப் பையன். அவன் உயிரைக் கொடுத்து நடிப்பதை, அவனுக்கே தெரியாமல் காமெடியாக்கிவிடுகிறார்கள். “அதான் 1932லும் 1947லும் பேசும் படமாக வந்துவிட்டதே!” என்பார்கள். வந்தது, சரி. மேடையில் நூற்றுக்கணக்கான இரவுகள் மெர்ட்டனாக நின்ற கிளென் ஹன்ட்டரின் முகம் அவற்றில் எங்கே இருக்கிறது?

அப்புறம் அந்தப் பெயர்ச் சீட்டு. எத்தனை முறை சொல்வது! புரொஜெக்டரில் மாட்டும்போதெல்லாம் இழுபடுவது சுருளின் நுனி. படத்தின் பெயர் இருப்பதும் அங்கேதான், முதலில் கிழிவதும் அதுதான். பெயரில்லாத சுருள்தான் எங்களுக்குப் பழக்கமானது. காட்சிகளுக்கு நடுவே வரும் வசன அட்டையின் ஓர அலங்காரம், நடிகரின் முகம், கோடக் சுருளின் விளிம்பில் ஆண்டைக் காட்டும் வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஏதாவது ஒன்று பிடி கொடுக்கும். ஒரே ஒரு சுருள், அதுவும் பாதிதான் என்றாலும் கொண்டு வாருங்கள். கனடாவின் டாசன் சிட்டியில் 1978இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவை 533 சுருள்கள். முழுப்படமாக இல்லையென்று யாரும் திருப்பி மூடவில்லை.

தயவுசெய்து புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய படத்தின் ஓரத்துளைகள் பிய்ந்துவிடும். 1950களுக்கு முந்தைய 35 எம்எம் என்றால் சட்டென்று தீப்பற்றும் நைட்ரேட் சுருள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பற்றினால் தண்ணீரும் அணைக்காது. அடுப்பும் சிகரெட்டும் கிட்டே வரக்கூடாது. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், தபாலில் அனுப்பவே அனுப்பாதீர்கள். வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட், அவ்வளவு எளிதில் தீப்பற்றாத சுருள் வகை. கெட ஆரம்பித்திருக்கிறது, செத்துப்போகவில்லை. எதுவானாலும் குளுமையான இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் உள்ள திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு முதலில் ஒரு போன் போடுங்கள்.

பேரனைத் திட்டிப் பயனில்லை. கீழ்த்தளத்தில் தேடினீர்களா என்று மட்டும் கேட்டேன். இன்னும் இறங்கவே இல்லையாம்.